நகையும் தொகையும்

சித்திரப் படம் என்றவுடன் சிறுவர் நினைவே நமக்கு வருகிறது. எலி பூனையை ஏமாற்றுவதும், வாத்து சட்டை அணிந்து சினங்கொள்வதும் பிள்ளைகளுக்குரிய வேடிக்கை என்றும், வளர்ந்தவர்கள் அவற்றைப் பார்ப்பது வீண்பொழுது என்றும் கருதுவோர் நம்மிடையே பலர். இக்கருத்து மிகப் பழையதன்று. 1930-களிலும் 1940-களிலும் அமெரிக்கச் சித்திரப் படங்கள் திரையரங்குகளில் பெரிய படத்திற்கு முன்னர்க் காட்டப்பட்டன. தொழிலாளியும் வணிகரும் அவர்தம் மனைவி மக்களும் ஒருங்கமர்ந்து அவற்றைக் கண்டு நகைத்தனர். தொலைக்காட்சி இல்லந்தோறும் புகுந்த பின்னர்தான், சிறப்பாக 1960-களில், அப்படங்கள் சனிக்கிழமைக் காலைப் பொழுதுக்கு ஒதுக்கப்பட்டுக் குழந்தைகளின் தனிச்சொத்தாயின.

அவ்வாறு ஒதுக்கப்பட்ட கலையை மீண்டும் வளர்ந்தவர்களின் அவைக்குக் கொணர முயன்ற தொலைக்காட்சித் தொகை ஒன்றைப் பற்றி ஈண்டு ஆராய விரும்புகிறேன். அதன் பெயர் 'லிக்விட் டெலிவிஷன்'. உருகி ஓடும் தொலைக்காட்சி என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.டி.வி. நிலையம் அதனைத் தொடங்கியது. 1990-களின் நடுப்பகுதியில் அது நின்றுபோயிற்று. ஒவ்வொரு நிகழ்ச்சியும் அரைமணி நேரம். அந்த அரைமணிக்குள் பல ஓவியர்களின் விசித்திரமான நகைச்சுவைக் குறும்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

நின்றுபோய் முப்பது ஆண்டுகளான ஒன்றை இன்று எடுத்துப் பேசுவானேன் என்று கேட்கலாம். நிகழ்ச்சி நின்றது; அது எழுப்பிய வினா நிற்கவில்லை. நகைச்சுவைக்கு அளவு உண்டா? ஒன்றைச் சிறிதாகச் சொல்லி நிறுத்தும்போது பிறக்கும் நகையும், அதனையே நீட்டி வாரந்தோறும் வழங்கும்போது பிறக்கும் நகையும் ஒரே தன்மையனவா? அல்ல என்பதே என் துணிபு. அத்துணிபுக்கு இத்தொகையின் வரலாறே தக்க சான்றாக அமைந்துள்ளது.

தொகையின் பிறப்பு

எம்.டி.வி. 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளன்று தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. இரவு பகலாகப் பாட்டுக் காட்சிகளை ஒளிபரப்புவதே அதன் தொழில். இரண்டு பாட்டுகளுக்கு இடையே நிலையத்தின் முத்திரையைச் சில நொடிகள் காட்டுவார்கள். அம்முத்திரை ஒரு முறை கல்லாகும். ஒரு முறை விலங்காகும். மறுமுறை வண்ணமாய் வழிந்தோடும். இச்சில நொடிச் சித்திரங்களை வரைவதற்குத் தனித்து உழைக்கும் ஓவியர்கள் பலர் அமர்த்தப்பட்டனர். விளம்பர வேலையாகத் தொடங்கிய இப்பழக்கமே பின்னர் ஒரு கலைத் தொகைக்கு வித்தாயிற்று.

சான் பிரான்சிஸ்கோ நகரில் 1976-ஆம் ஆண்டில் டுரூ தகஹாஷி, கேரி குட்டியரெஸ் ஆகிய இருவரும் நிறுவிய 'கொலாசல் பிக்சர்ஸ்' என்னும் படநிலையம் இத்தொகையைத் தயாரித்தது. ஜாஃபெத் ஆஷர் என்பவர் இதனை வகுத்தமைத்தார். எம்.டி.வி.யின் சார்பில் புரூடன்ஸ் ஃபென்டன் அம்மையார் பொறுப்பேற்றார். தொடக்கத்தில் பிரிட்டனின் பி.பி.சி.யும் இம்முயற்சியில் பங்கு கொண்டது. முகப்பு இசையை மார்க் மதர்ஸ்பா அமைத்தார்.

படங்கள் மூன்று வழிகளில் வந்து சேர்ந்தன. இத்தொகைக்கெனவே புதிதாக வரையப்பட்டவை ஒரு வகை. சித்திரப் பட விழாக்களில் முன்னரே காட்டப்பட்டு, அங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை மற்றொரு வகை. மூன்றாவது வகை 'ரா' என்னும் படக்கதை இதழோடு தொடர்புடையது. ஆர்ட் ஸ்பீகல்மனும் பிரான்சுவா மூலியும் 1980-இல் தொடங்கிய அவ்விதழில் எழுதிய சார்லஸ் பர்ன்ஸ், மார்க் பேயர் முதலியோரின் படைப்புகள் இத்தொகையில் உருமாறி வந்தன. யூத மக்கள் நாஜிகளால் பட்ட கொடுமையை எலிகளும் பூனைகளுமாக வரைந்து காட்டிய 'மௌஸ்' என்னும் ஸ்பீகல்மனின் நெடுங்கதை வெளிவந்ததும் அதே இதழில்தான். அந்நூலுக்கு 1992-ஆம் ஆண்டில் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. எலியும் பூனையும் சிறுவர்க்கே உரியவை என்னும் எண்ணத்திற்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டுவதில்லை.

தொகை என்னும் நெறி

தொகை என்பது தமிழர்க்குப் புதியதன்று. பல புலவர் பாடிய தனிப்பாட்டுகளை ஒரு நெறிபற்றித் திரட்டுவதை நம் முன்னோர் பெருங்கலையாகப் போற்றினர். அகப்பாட்டுகளைத் தொகுத்தவர்கள் அடியளவையே நெறியாகக் கொண்டனர். நான்கடி முதல் எட்டடி வரையுள்ளவை குறுந்தொகை. ஒன்பதடி முதல் பன்னிரண்டடி வரையுள்ளவை நற்றிணை. பதின்மூன்றடி முதல் முப்பத்தோரடி வரையுள்ளவை அகநானூறு. சிற்றளவில் முடிய வேண்டிய உணர்வும் உண்டு, நீண்டு விரிய வேண்டிய உணர்வும் உண்டு என்று அவர்கள் உணர்ந்திருந்தனர். தொகுத்தவன் பெயரையும் மறவாது குறித்துவைத்தனர். குறுந்தொகையைத் தொகுத்தவன் பூரிக்கோ என்பது தமிழ் பயில்வோர் அறிந்த செய்தி.

தொகையினால் விளையும் நன்மை யாது? ஒரே ஒரு பாட்டுப் பாடியவனும் அதில் இடம்பெறுகிறான். அணிலாடு முன்றிலார் போன்ற புலவர்களின் இயற்பெயர்கூட நமக்குத் தெரியாது. தம் பாட்டில் வரும் தொடராலேயே அவர்கள் வழங்கப்படுகின்றனர். தொகுத்தவன் இல்லையேல் அப்பாட்டும் இல்லை, அப்பெயரும் இல்லை. அன்றியும், ஒரு பாட்டு மற்றொரு பாட்டின் அருகே நிற்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அளந்து காட்டுகின்றன. பிரிவால் வாடும் தலைவியின் கூற்றுக்கு அடுத்து, பரத்தையின் ஏளனச் சொல் வரும். எந்த ஓர் உணர்வும் தானே தலைமை என்று செருக்குறுவதற்குத் தொகை இடங்கொடாது.

லிக்விட் டெலிவிஷன் இப்பண்பினையே பெற்றிருந்தது. பொம்மைகள் நடித்த கதைக்கு அடுத்து மைக்கோட்டுச் சித்திரம் வந்தது; அதற்கடுத்து உயிருள்ள நடிகர் நடித்த விசித்திரக் காட்சி வந்தது. ஒன்று பிடிக்கவில்லையெனில் இரண்டு நிமிடம் பொறுத்தால் போதும். வேறொரு கை வரைந்த வேறோர் உலகம் வந்துவிடும்.

ஒரு கையின் அளவு

குறுமைக்கும் ஓவியனின் உழைப்புக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடைத்து. திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்திப் படம்பிடித்தாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். இரண்டு நிமிடப் படத்திற்கு 1,440 ஓவியங்கள். இதனை ஒருவர் தம் இல்லத்தில் அமர்ந்து சில மாதங்களில் வரைந்துவிட முடியும். அரைமணிப் படத்திற்கோ 21,600 ஓவியங்கள் வேண்டும். அது தனியொருவரால் எளிதில் ஆகும் செயலன்று. அங்கே எழுதுவோர் வேறு, வரைவோர் வேறு, வண்ணந்தீட்டுவோர் வேறு, குரல் கொடுப்போர் வேறு. கலைக்கூடம் தொழிற்சாலையாகிறது. ஆகவே படம் குறுகியதாக இருக்கும்வரை அது ஒருவரின் கையெழுத்துப் போன்றது, நீண்டவிடத்து அச்செழுத்தாகிவிடுகிறது.

இத்தொகையில் வந்த 'ஸ்டிக் ஃபிகர் தியேட்டர்' என்னும் குச்சி மனிதர் அரங்கத்தைக் காண்க. ராபின் ஸ்டீல் என்பவர் வரைந்தது அது. பழைய திரைப்படங்கள் முதலியவற்றின் ஒலித்தடத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்கேற்பக் குறிப்பட்டைகளின் மேல் கோட்டுருவங்களை ஆடவிட்டார். வட்டம் ஒன்று தலை. கோடு ஒன்று உடல். மேலும் நான்கு கோடுகள் கைகால்கள். முதல் வகுப்புப் பிள்ளை தன் சிலேட்டில் வரையும் மனிதனும் இவனேயாவான்.

அக்கோட்டு மனிதர்கள் புகழ்பெற்ற நடிகர்களின் கம்பீரக் குரலில் பேசும்போது நமக்கு நகை வருகிறது. எதனால் வருகிறது? நடிகரின் முகத்தையும் ஒப்பனையையும் விளக்கொளியையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன என்பதை அக்கோடுகள் காட்டிவிடுகின்றன. வீர வசனம் வெறுங்குச்சியின் வாயிலிருந்து வரும்போது, அவ்வசனத்தில் உண்மையில் வீரம் இருந்ததா, முகத்தில் மட்டும் இருந்ததா என்னும் ஐயம் எழுகிறது. நூறு சொற்களால் எழுதும் திறனாய்வை ஆறு கோடுகள் செய்துவிடுகின்றன. ஆயின் இது சிறிது நேரமே தாங்கும் சுவை. ஒரு மணி நேரம் நீட்டியிருந்தால் அதே கோடுகள் கண்ணுக்குச் சலிப்பூட்டியிருக்கும். தாங்கும் அளவறிந்து நிறுத்தியதே அதன் வெற்றி.

மடியும் தலைவி

தொகையில் பெரும்புகழ் பெற்றவற்றுள் ஒன்று 'ஈயான் ஃப்ளக்ஸ்'. கொரியாவின் சியோல் நகரில் 1961-இல் பிறந்து அமெரிக்காவில் தொழில் புரிந்த பீட்டர் சங் என்பவர் அதனை உருவாக்கினார். முதலில் ஏறத்தாழ இரண்டிரண்டு நிமிடத் துண்டுகளாக அது வெளிவந்தது. தனியொருத்தியாகிய தலைவி பகைவரின் கோட்டைக்குள் புகுந்து காவலர்களைக் கணக்கின்றிச் சுட்டு வீழ்த்துகிறாள். இதுவரை நாம் பல படங்களில் கண்ட கதையே. ஆயின் அடுத்து நிகழ்வது நாம் காணாதது. வீழ்ந்தவர்கள் குவியலாகக் கிடக்கின்றனர். அவர்களுள் உயிர் பிரியும் ஒருவன் பக்கம் கதை திரும்புகிறது. வழக்கமான படங்களில் எண்ணிக்கைக்கு உதவும் பெயரற்ற காவலன் இங்கே மனிதனாகிவிடுகிறான். இறுதியில் அத்தலைவியும் ஆணி ஒன்றை மிதித்து, நிலைதவறி விழுந்து மடிகிறாள். பெரும்படையால் வீழ்த்த முடியாதவளை ஓர் ஆணி வீழ்த்துகிறது.

இது நகைச்சுவையா என்று கேட்பாருமுளர். கசப்பு மிகுந்த நகைச்சுவை என்பேன். வீரக்கதைகள் நமக்கு ஊட்டியுள்ள எதிர்பார்ப்பை நோக்கிய எள்ளல் அது. இரண்டாம் பருவத்தில் ஐந்து குறும்படங்கள் வந்தன. ஐந்திலும் தலைவி இறக்கிறாள். அடுத்த படத்தில் ஒரு விளக்கமும் இன்றி உயிரோடு வருகிறாள். அவற்றுள் போரைப் பற்றிய படத்தில் அவள் தொடக்கத்திலேயே கொல்லப்படுகிறாள். கொன்றவன் கதைத் தலைவனாகிறான். அவனைக் கொன்றவர் அடுத்த தலைவராகிறார். இங்ஙனம் பக்கம் மாறி மாறிக் கதை செல்கிறது. யாருடைய பக்கம் நின்று பார்க்கிறோமோ அவரே வீரர் என்று கொள்ளும் நம் பழக்கத்தை இதனினும் சுருக்கமாக யாரே காட்டவல்லார்? இக்குறும்படங்களில் உரையாடல் ஏறக்குறைய இல்லை என்பதும் குறிக்கத்தக்கது.

1995-ஆம் ஆண்டில் இது அரைமணி நேரப் படங்கள் பத்தாக விரிந்தது. இப்போது பாத்திரங்கள் பேசத் தொடங்கினர். தலைவியும் ஒவ்வொரு முறையும் மடியவில்லை. ஆழ்ந்த கருத்துகள் சில அங்கும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆணியின் அடியை அங்கே காணோம். 2005-இல் நடிகர்களைக் கொண்டு ஹாலிவுட் எடுத்த பெரும்படத்தில், எந்த வகைக் கதையை எள்ளுவதற்காகத் தலைவி பிறந்தாளோ அந்த வகைக் கதையிலேயே அவள் நாயகியாகிவிட்டாள். எள்ளப்பட்டது எள்ளியதை விழுங்கிவிட்டது.

தவளையும் இரு சிறுவரும்

இனி, இத்தொகையில் வந்தவற்றுள் உலகம் முழுதும் அறிந்த ஒன்றுக்கு வருவோம். 1992-ஆம் ஆண்டில் மைக் ஜட்ஜ் என்பவர் வரைந்த 'தவளைப் பந்தாட்டம்' அது. ஜட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றவர். ஓவியக் கல்லூரி மாணவரல்லர். படக்கருவி ஒன்றை வாங்கித் தாமே முயன்று கற்றார். அவருடைய குறும்படத்தில் பீவிஸ், பட்ஹெட் என்னும் இரண்டு விடலைகள் ஒரு தவளையைப் பந்தாக்கி மட்டையால் அடிக்கின்றனர். அடித்துவிட்டு மூச்சுக்குள் அடைத்துக்கொண்டதுபோன்ற ஒரு சிரிப்புச் சிரிக்கின்றனர். கதை அவ்வளவே.

நகை நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். பிறரை இகழ்வதாகிய எள்ளலும், பிள்ளைத்தன்மையாகிய இளமையும், அறிவின்மையாகிய பேதைமையும், கொளுத்தியதை ஐயமின்றிக் கொள்வதாகிய மடனும் அந்நான்காகும். உரையாசிரியராகிய பேராசிரியர் இவ்விடத்தில் ஒரு நுட்பம் காட்டுவார். தான் பிறரை எள்ளி நகுதலும் உண்டு. பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலும் உண்டு என்பார். அதாவது நகைக்கு இருமுனை உண்டு. இவ்விருமுனையை மனத்திற்கொண்டு தவளைப் பந்தாட்டத்தைப் பார்க்க வேண்டும்.

சிறுவர் தவளையை எள்ளி நகைக்கின்றனர். நாம் சிறுவரின் பேதைமையை நகைக்கிறோம். படம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. முடிந்தவுடன் அவர்களுடைய சிரிப்பொலி நம் காதில் எஞ்சுகிறது. நாம் சிரித்த சிரிப்பும் அதனோடு கலந்து ஒலிக்கிறது. ஒரு சிற்றுயிர் அடிபட்டபோது நாமும் சிரித்தோமே என்னும் எண்ணம் அப்போது தைக்கிறது. நகையின் மறுமுனை நம்மை நோக்கித் திரும்புகிறது. படம் குறுகியது என்பதாலேயே இது கைகூடுகிறது. அவ்விருவரோடும் நமக்குப் பழக்கம் உண்டாகுமுன் திரை இருண்டுவிடுகிறது. அவர்கள் நமக்கு நண்பர்களாகவில்லை. கண்ணாடியாக மட்டுமே நின்று மறைகின்றனர்.

நிலையத்தார் இதன் வரவேற்பைக் கண்டனர். 1993-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8-ஆம் நாள் பீவிஸ், பட்ஹெட் இருவரும் தனித்தொடரின் நாயகர்களாயினர். 1997 நவம்பர் வரை ஏழு பருவங்கள் அத்தொடர் ஓடியது. அதில் அவர்கள் இருக்கையில் சாய்ந்து, எம்.டி.வி.யின் பாட்டுக் காட்சிகளையே பார்த்து ஏளனம் செய்தனர். தன்னைப் பார்ப்பவனையே தன் திரையில் அமர்த்தி எள்ளிய துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் வாரந்தோறும் வருகிறவன், எத்துணைப் பேதையாயினும், வீட்டு மனிதனாகிவிடுகிறான். அவன் சிரிப்பைப் பிள்ளைகள் பழகிக்கொள்கின்றனர். அவன் சொல் தெருச்சொல்லாகிறது. எள்ளலுக்குரியவனாகத் தோன்றியவன் பின்பற்றுதற்குரியவனாகிவிடுகிறான்.

1993-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் மூட்டிய தீயில் அவனுடைய இரண்டு வயதுத் தங்கை மாண்டுபோனாள். தீயோடு விளையாடும் வேட்கை இத்தொடரால் வந்தது என்று தாய் குற்றஞ்சாட்டினார். நிலையத்தார் தொடரை இரவில் பிந்திய நேரத்துக்கு மாற்றினர். தீயைப் பற்றிய பேச்சுகளை நீக்கினர். ஒரு படம் ஒரு குழந்தையின் கையில் நெருப்பைக் கொடுத்தது என்று உறுதியாகக் கூறிவிட இயலாது. ஆனால் ஆசிரியத் தொழிலில் பயின்றவர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. குழந்தை போலச் செய்து கற்கிறது. அது கதைக்கு உள்ளே நிற்கிறது. கதைக்கு வெளியே நின்று பார்க்கும் ஆற்றல் வளர்ந்தபின் வருவது. 'வளர்ந்தவர்க்குரியது' என்னும் சொல்லுக்கு நாம் கொள்ள வேண்டிய பொருளும் இதுவே. ஆபாசம் உடையது என்பது அதன் பொருளன்று. வெளியே நின்று தன்னையும் சேர்த்து நகைக்க வல்லவனுக்குரியது என்பதே அதன் பொருள். அவ்வல்லமை அற்ற பார்வையாளனிடம் மாலைதோறும் கொண்டுசேர்ப்பது கலையின் குற்றமன்று; வணிகத்தின் குற்றம்.

மறுதலைச் சான்றுகள்

குறியது நீண்டால் எப்போதும் கெடும் என்று நான் கூறுவதாகக் கொள்ளலாகாது. அதே மைக் ஜட்ஜ் வரைந்த 'மில்டன்' என்னும் அலுவலக ஊழியனின் குறும்படங்களும் இத்தொகையில் வந்தன. மேலதிகாரி இனிய குரலில் ஆணையிடுகிறார். மில்டன் தனக்குள் முணுமுணுக்கிறான். மேசை பறிபோகும், முணுமுணுப்பு மட்டும் எஞ்சும். 1999-ஆம் ஆண்டில் இதிலிருந்து 'ஆஃபிஸ் ஸ்பேஸ்' என்னும் முழுநீளத் திரைப்படம் பிறந்தது. திரையரங்கில் அது பெரிய வெற்றி பெறவில்லை. பின்னர் இல்லங்களில் பார்க்கப்பட்டுப் பெரும்புகழ் எய்தியது. 'சிம்ப்சன்ஸ்' குடும்பமும் 1987 முதல் 1989 வரை வேறொரு நிகழ்ச்சியின் இடையில் வந்த 48 சிறு துணுக்குகளாகவே வாழ்ந்தது. 1989 டிசம்பரில் தனித்தொடரான பின்னரே அதன் முழு ஆற்றலும் வெளிப்பட்டது.

இவை ஏன் நீண்டு சிறந்தன? மில்டனின் துன்பத்தில் ஓர் அலுவலகமே அடங்கியிருந்தது. சிம்ப்சன்ஸ் குடும்பத்தில் ஓர் ஊரே அடங்கியிருந்தது. உள்ளே உலகம் இருந்ததால் விரிப்பதற்கும் இடம் இருந்தது. தவளையை அடித்த சிறுவரிடமும், ஆணியால் மடிந்த தலைவியிடமும் இருந்தது ஒரே அடி; மின்னல்போல் விழுந்து மறையும் அடி. மின்னலை விளக்காக ஏற்ற முயன்றால் ஒளி கிடைப்பதில்லை. குறுந்தொகைப் பாட்டை முப்பதடிக்கு நீட்டினால் அகநானூறு ஆகிவிடாது என்பதைத் தமிழ் கற்றவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

குறைகள்

தொகையில் குற்றமே இல்லை என்று சொல்வதற்கில்லை. விசித்திரத்திற்காகவே விசித்திரம் செய்த படங்கள் பல அதில் இருந்தன. உருவம் உருகுவதும், கண் வெளியே பிதுங்குவதும், தலை இரண்டாவதும் முதல் முறை வியப்பூட்டும். பத்தாம் முறை கொட்டாவி வரும். உயிருள்ள நடிகரைக் கொண்டு எடுத்த பகுதிகளிற் சில, ஓவியத்தின் விடுதலையும் இன்றி நாடகத்தின் அழுத்தமும் இன்றி இடையில் தொங்கின. ஈயான் ஃப்ளக்ஸ் தலைவியின் ஆடைக்குறைவு எள்ளலுக்கு வேண்டிய அளவினும் மிக்கது. வீரப்படங்கள் பெண்ணைக் காட்சிப்பொருளாக்குவதை எள்ளுகிறேன் என்று சொல்லிக்கொண்டு தானும் அதையே செய்வது இருபுறமும் ஆதாயம் தேடுவதாகும்.

ஆயினும் தொகையின் இயல்பு இக்குறைகளையும் பொறுக்கச் செய்தது. நானூறு பாட்டுகளுள் நாற்பது பாட்டுகள் நெஞ்சில் நின்றால் அத்தொகை வாழும்.

கலைந்த தொகை

நம் பழந்தொகைகளுக்கும் இத்தொகைக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எண்ணுந்தோறும் வருத்தம் தருவது அது. நம்மிடத்தில் தனிப்பாட்டுகள் தொகையால் பிழைத்தன. இங்கேயோ தனிப்படங்களிற் சில பிழைத்தன, தொகை கலைந்தது. பீவிஸ், பட்ஹெட் கிடைக்கின்றனர்; 2022-இல் புதிய தொடராகவும் திரும்பி வந்தனர். ஈயான் ஃப்ளக்ஸ் வட்டுகளாகக் கிடைக்கிறது. சில பகுதிகள் மட்டும் ஒரு காலத்தில் ஒளிநாடாவாக விற்கப்பட்டனவே தவிர, தொகை முழுவதும், வந்த வரிசையிலேயே, வட்டுகளாக வெளியிடப்படவில்லை. பெயர் பெற்றவன் பிழைத்தான். அவனுக்கு முன்னும் பின்னும் நின்று அவனை அளந்து காட்டியவர்கள் மறைந்தனர். பூரிக்கோ திரட்டிய நானூற்றில் மக்கள் விரும்பிய இரண்டு பாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை ஆற்றில் விட்டதற்கு ஒப்பானது இது.

அதன் வழித்தோன்றல்கள் பின்னர் எழுந்தன. 2001-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய 'அடல்ட் ஸ்விம்' என்னும் இரவு ஒளிபரப்பு வளர்ந்தவர்க்குரிய சித்திரப் படங்களுக்கு நிலையான இடம் தந்தது. 2019-இல் வந்த 'லவ், டெத் அண்ட் ரோபாட்ஸ்' என்னும் தொகை பல நாட்டுக் கலைக்கூடங்களின் குறும்படங்களை ஒன்றுசேர்த்தது. நெறி முற்றும் அழிந்துவிடவில்லை என்பதற்கு இவை அடையாளம்.

இன்றைய குறுமை

குறுமையே சிறப்பு என்றால் இக்காலத்தவர் அதிர்ஷ்டசாலிகள் அல்லரோ என்று வினவலாம். கைப்பேசியில் ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நகைச்சுவைத் துணுக்குகள் முடிவின்றி ஓடிக்கொண்டிருக்கின்றனவே என்பர். அளவால் அவை குறியன என்பது மெய். ஆயின் அங்கே தொகுத்தவன் யார்? நீ எதைக் கண்டு சிரித்தாயோ அதையே போன்ற மற்றொன்றை ஓர் இயந்திரக் கணக்கு எடுத்து நீட்டுகிறது. தவளை அடிபடுவதைப் பார்த்துச் சிரித்தவனுக்கு நூறு தவளைகள் வரும். முதல் தவளையின்போது திரும்பித் தைத்த முள், நூறாவது தவளையின்போது மழுங்கிவிடும். துண்டு துண்டாக இருப்பினும் அது நீட்சியே. வெட்டி விற்கப்படும் நீட்சி.

தொகுப்பவன் செய்வது இதற்கு நேர்மாறானது. நீ விரும்பியதன் அருகே நீ அறியாததை வைக்கிறான். சிரித்து முடிக்குமுன் வேறொன்றைக் காட்டிச் சிந்திக்கச் செய்கிறான். உன் சுவையை அவன் பின்தொடர்வதில்லை. அதனைச் சிறிது முன்னே அழைத்துச் செல்கிறான். நல்ல ஆசிரியன் பாடநூலுக்குச் செய்யுள் தேர்வதும், நல்ல நூலகத்தான் பலகையில் நூல் அடுக்குவதும் இத்தொழிலேயாம்.

எனவே பெற்றோரும் ஆசிரியரும் சிந்திக்க வேண்டுவது ஒன்று. பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிறார்கள் என்று கவலையற்று இருப்பதும் தவறு. வளர்ந்தவன் கார்ட்டூன் பார்க்கிறான் என்று நகைப்பதும் தவறு. எதைப் பார்த்துச் சிரிக்கிறோம், சிரித்த பின் அச்சிரிப்பு எங்கே போய்த் தங்குகிறது என்று கேட்பதே முறை. உயர்நிலை வகுப்பு மாணவர்க்கு நல்ல குறும்படங்கள் ஐந்தாறு தேர்ந்து, ஒன்றுக்கொன்று மாறுபட்டவையாக வரிசைப்படுத்திக் காட்டி, ஒவ்வொன்றிலும் நகைக்கப்பட்டவர் யார் என்று எழுதச் சொன்னால், அது மெய்ப்பாட்டியலுக்குச் சிறந்த பயிற்சியாகும். நகைச்சுவையைப் பாடமாக வைக்கலாமா என்று தயங்க வேண்டுவதில்லை. எண்வகை மெய்ப்பாட்டைச் சொல்லப் புகுந்த தொல்காப்பியர் முதலில் வைத்தது நகையைத்தான்.